டிராக்குக்குப் போகும் காருக்கு எந்த பிரேக் பேட்?

சொந்தக் காரைச் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கலாம் என்று முடிவெடுத்தவர்கள் முதலில் எக்ஸாஸ்ட் பற்றிக் கேட்கிறார்கள், அப்புறம் ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றுவது), அப்புறம் டயர். பிரேக் பேட் பற்றிய கேள்வி பெரும்பாலும் முதல் டிராக் டே, அதாவது சொந்தக் காரை டிராக்கில் ஓட்டும் நாள், முடிந்த பிறகுதான் வருகிறது, அதுவும் நாலாவது ஐந்தாவது சுற்றில் பெடலை முழு பலத்தோடு மிதித்தும் கார் நிற்க மனசில்லாமல் போய், வயிறு கலங்கிய பிறகு. அந்தக் கேள்வியை முன்னாடியே கேட்டுவிடுவது நல்லது. கடைக்குப் போனால் "பெர்ஃபார்மன்ஸ் பேட் சார், நல்லா பிடிக்கும்" என்று ஒரே வரியில் விற்றுவிடுவார்கள். எந்தச் சூட்டில் நல்லா பிடிக்கும் என்று திருப்பிக் கேளுங்கள். பேட் தேர்வில் முக்கால்வாசி விஷயம் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகிறது.

கணக்கைப் பார்த்துவிடுவோம்

ஓடும் வண்டியின் இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றிக் காற்றில் விடுவதுதான் பிரேக்கின் வேலை. பள்ளியில் படித்த அரை எம் வி ஸ்கொயர் இங்கே அப்படியே பொருந்தும், அதனால் வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நாலு மடங்கு ஆகிறது. ஆளோடு சேர்த்து 1,200 கிலோ வரும் ஒரு ஹேட்ச்பேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சிக்னலில் 60 கி.மீ. வேகத்திலிருந்து முழுசாக நிறுத்தினால் சுமார் 1.7 லட்சம் ஜூல். அதே கார் டிராக்கில் நேர்ப்பாதை முடிவில் 160-இல் வந்து 70-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம், கார் நிற்கக்கூட இல்லை, ஆனாலும் சுமார் 9.6 லட்சம் ஜூல். காற்றின் எதிர்ப்பும் எஞ்சினும் அதில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், மீதி முழுக்க பிரேக்குக்குத்தான்.

பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் போவதால் முன் சக்கரங்கள் 70 சதவீதம் அளவுக்கு வேலை செய்கின்றன. ஆக ஒரு முன் டிஸ்க்குக்கு, அதாவது சக்கரத்தோடு சுழல, பேட் அழுத்திப் பிடிக்கும் இரும்புத் தட்டுக்கு, மூன்று லட்சம் ஜூலுக்கு மேல் போகிறது. டிஸ்க் 5 கிலோ வார்ப்பிரும்பு என்று எடுத்தால், அந்த ஒரே மிதியில் அதன் வெப்பநிலை ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸ் உயரும். ஊருக்குள் இப்படி ஒரு மிதிக்குப் பிறகு டிஸ்க் ஆறுவதற்கு நேரம் கிடைக்கும். டிராக்கில் சில நொடிகளில் அடுத்த வளைவு வந்துவிடும், ஏறிய சூடு இறங்குவதற்குள் அடுத்த சூடு மேலே ஏறும். ஊருக்குள் 100, 200 டிகிரியோடு முடிந்துவிடும் டிஸ்க், டிராக்கில் சில சுற்றுகளிலேயே 500-ஐத் தொடுவது சாதாரணம்.

மலை இறக்கம் இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது ரகம். 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் அதே காரில் கிட்டத்தட்ட 1.2 கோடி ஜூல் எங்கேயாவது போயாக வேண்டும். இரண்டாவது கியரில் வந்தால் அதில் பெரும்பங்கை எஞ்சின் தின்றுவிடும். நாலாவது கியரில், பெடலில் காலை வைத்தபடியே வந்தால் அத்தனையும் டிஸ்க்குக்கு, நடுவில் ஆறவும் இடைவெளி இல்லை. ஊட்டி பக்கத்துக் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் அப்படி இறங்குகிறவர்களின் காரிலிருந்து வரும் கருகல் வாசனை பேட்டினுடையது. அதற்கு மருந்து கியர்தான், விலை உயர்ந்த பேட் இல்லை.

பேட்டுக்குள் என்ன இருக்கிறது

ஒரு இரும்புத் தகட்டின் மேல் அழுத்தி ஒட்டிய கலவைதான் பேட். நார்கள், உலோகத் தூள், கிராஃபைட், அலுமினா போன்ற கடினமான துகள்கள், இடத்தை நிரப்பும் பேரியம் சல்ஃபேட், இவை எல்லாவற்றையும் கட்டிப்பிடித்து வைக்கும் ஃபீனாலிக் ரெசின். மலைச்சரிவில் இறங்கும் குதிரை வண்டிகளின் பிரேக் கட்டை தாங்காமல் போவதைப் பார்த்துவிட்டு, ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியில் 1897-இல் தொடங்கிய தொழில்தான் பின்னாளில் ஃபெரோடோ ஆனது. அப்புறம் பல பத்தாண்டுகள் கல்நார்தான் இந்தத் தொழிலை ஆண்டது, நுரையீரலைக் கெடுக்கிறது என்பதால் ஒதுக்கப்பட்டது. சென்னைக்காரர்களுக்கு இந்தத் தொழில் பக்கத்து வீடு. பாடியில் பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும், அம்பத்தூரில் ரானேயும் பல வருடங்களாக இதைத்தான் செய்துகொண்டிருக்கின்றன.

சூடு ஏறும்போது முதலில் கைவிடுவது அந்த ரெசின். சாதாரண பேட்டில் 300 டிகிரியைத் தாண்டினால் அது சிதைந்து வாயுவாக வெளியேற ஆரம்பிக்கும், உராய்வு சடாரென்று விழும். ரேஸ் பேட்டில் கலவையே வேறு, உலோகமும் கார்பனும் அதிகம், தயாரிக்கும்போதே நல்ல சூட்டில் சுட்டு எடுத்திருப்பார்கள், அதனால் 600, 700 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. காலையில் வீட்டிலிருந்து கிளம்பி தெருமுனையில் முதல் முறை பிரேக் பிடிக்கும்போது டிஸ்க் சில்லென்று இருக்கும், முழு ரேஸ் பேட் அந்த நேரத்தில் காரோடு வந்த கம்பெனி பேட் அளவுக்குக்கூடப் பிடிக்காது. ஒரு பள்ளிக்கூடப் பையன் குறுக்கே ஓடி வந்தால் இரண்டு சுற்று சூடேற்றிவிட்டு வருகிறேன் என்று சொல்ல முடியுமா? "ரேஸ் பேட்தான் பெஸ்ட், தினமும் அதையே போட்டு ஓட்டுகிறேன்" என்று யாராவது சொன்னால் அதைப் பின்பற்றாதீர்கள். அது ஆபத்து.

பேட் டிஸ்க்கை இரண்டு விதமாகப் பிடிக்கிறது. ஒன்று, உப்புத்தாள் போலத் தேய்த்துப் பிடிப்பது. இன்னொன்று, தன் கலவையில் ஒரு மெல்லிய படலத்தை டிஸ்க்கின் மேல் பூசிவிட்டு, அந்தப் படலத்தோடு ஒட்டிப் பிரிவது. குளிர்ந்த நிலையில் முதல் வகை அதிகம், சூட்டில் இரண்டாவது. அதனால்தான் ரேஸ் பேட்டைக் குளிர்ந்த நிலையில் தினமும் ஓட்டினால் டிஸ்க் வேகமாகத் தேய்கிறது, பூச வேண்டிய படலம் பூசுவதற்கான சூடே அதற்குக் கிடைப்பதில்லை.

வகைகள்

ஆர்கானிக் பேட் மென்மை, சத்தம் இல்லை, டிஸ்க்குக்கு நல்லது, சூட்டுக்குத்தான் ஆகாது. செராமிக் என்று விற்பவை தூசி குறைவு, வீல் சுத்தமாக இருக்கும், தினசரி ஓட்டத்துக்கு அருமை. பெயரில் செராமிக் இருப்பதால் ரேஸ் காரின் கார்பன் செராமிக் பிரேக்கோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது டிஸ்க்கின் சமாச்சாரம், இரண்டுக்கும் சம்பந்தமில்லை. செமி மெட்டாலிக்கில் உலோகம் கணிசமாக இருக்கும், சூட்டைத் தாங்கும், கொஞ்சம் சத்தம், நிறையத் தூசி. தெருவுக்கும் டிராக்குக்கும் பொதுவாக விற்கப்படும் பேட்களில் நிறைய இந்த வகையிலோ இதற்குப் பக்கத்திலோதான் வரும். சின்டர்ட் என்பது உலோகத் தூளை உருக்காமல் சுட்டு இறுக்கியது, பைக்குகளில்தான் அதிகம் பார்க்கலாம்.

வகையின் பெயரை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஒரே கம்பெனியின் இரண்டு செமி மெட்டாலிக் பேட்கள் இரண்டு துருவமாக இருக்கும். ஹாக் என்ற பிராண்டில் எச்பிஎஸ் தெருவுக்கு, எச்பி பிளஸ் தெருவும் டிராக்கும் கலந்து ஓட்டுபவர்களுக்கு, டிடிசி 60 டிராக்குக்கு மட்டும். ஈபிசி பிராண்டில் நிறத்தை வைத்து அடையாளம், கிரீன்ஸ்டஃப், ரெட்ஸ்டஃப் தெருப்பக்கம், யெல்லோஸ்டஃப் நடுவில், புளூஸ்டஃப் டிராக் பக்கம் சாய்ந்தது. ஃபெரோடோவின் டிஎஸ்2500 வெகுநாளாக எல்லோரும் சொல்லும் நடுத்தர பேட், உராய்வுக் குணகம் (எவ்வளவு பிடிக்கிறது என்பதன் அளவு) சராசரி 0.42, 500 டிகிரி வரை என்று கம்பெனியே சொல்கிறது. எந்த பேட் பார்த்தாலும் இந்த மாதிரி ஒரு வெப்பநிலை வரம்பும், முடிந்தால் அந்த வரம்பு முழுக்க உராய்வு எப்படிப் போகிறது என்ற வரைபடமும் கிடைக்கிறதா என்று தேடுங்கள். கோடு தட்டையாக, அதிகம் ஏறி இறங்காமல் இருந்தால் காலுக்குப் பழகிவிடும். உச்சத்தில் 0.55 காட்டிவிட்டு இரண்டு பக்கமும் சரியும் பேட்டைவிட, 0.42-இல் அசையாமல் நிற்கும் பேட் புதிதாக டிராக்குக்கு வருகிறவருக்கு எவ்வளவோ மேல், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மிதிக்கு ஒரே பிடி கிடைக்கும்.

பேட்டின் ஓரத்திலோ முதுகிலோ எஃப்எஃப், ஜிஜி, ஈஎஃப் என்று இரண்டு எழுத்து அச்சாகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் எழுத்து மிதமான சூட்டில், அதாவது ஏறக்குறைய 93 முதல் 204 டிகிரி வரை எடுத்த உராய்வு. இரண்டாவது எழுத்து அதைவிடச் சூடான நிலையில் எடுத்தது. ஈ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் 0.35 முதல் 0.45, ஜி 0.45 முதல் 0.55, எச் அதற்கும் மேல். முதல் எழுத்தைவிட இரண்டாவது எழுத்து கீழே இருந்தால் சூடேறும்போது பிடி குறைகிறது என்று புரிந்துகொள்ளலாம். ஆனால் இந்தச் சோதனை சுமார் 343 டிகிரியோடு நின்றுவிடுகிறது, டிராக்கில் பேட் படும் பாடு அதற்கு மேல்தான் ஆரம்பிக்கிறது. ஜிஜி போட்டிருக்கிறது, அதனால் டிராக் பேட் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இரண்டு விதமான ஃபேட்

சூட்டில் பிரேக் பிடி இழப்பதை பிரேக் ஃபேட் என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு தனித்தனி நோய்கள் உண்டு. பெடல் எப்போதும் போல இறுக்கமாகவே இருக்கிறது, பலமாக மிதிக்கிறீர்கள், கார் மட்டும் நிற்கவில்லை என்றால் பேட் தன் எல்லையைத் தாண்டிவிட்டது. பெடல் மெத்தென்று உள்ளே போகிறது, இரண்டு மூன்று முறை அடித்தால்தான் கொஞ்சம் மேலே வருகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. கொதித்த ஆயிலில் ஆவிக் குமிழிகள் இருக்கும், குமிழி அமுங்கும், உங்கள் கால் பலம், பிஸ்டனால் பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பருக்குப் போய்ச் சேராது. இந்த இரண்டாவது நோய்க்கு உலகத்திலேயே விலை உயர்ந்த பேட்டைப் போட்டாலும் குணமாகாது. சொல்லப்போனால் இன்னும் மோசமாகும், ஏனென்றால் நல்ல பேட் போட்டால் நீங்கள் இன்னும் தாமதமாக, இன்னும் அழுத்தி பிரேக் பிடிப்பீர்கள், சூடு கூடும், அந்தச் சூடு பேட்டின் வழியாகவும் பிஸ்டன் வழியாகவும் ஆயிலுக்குத்தான் போகும்.

அதனால் முதல் டிராக் டேக்குப் பணம் குறைவாக இருக்கிறது, ஒன்றுதான் மாற்ற முடியும் என்றால் நான் ஆயிலை மாற்றச் சொல்வேன். டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது விதி. இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதே ஆயிலுக்கு விதி கேட்கும் குறைந்தபட்சம் 155 டிகிரிதான். சென்னைக் காற்றில் இரண்டு மூன்று வருடமாக மாற்றாமல் கிடக்கும் ஆயிலோடு டிராக்குக்குப் போவது எப்படி என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். டாட் 5.1-க்கு இந்த எண்கள் 260, 180. மோட்டுல் ஆர்பிஎஃப் 600 மாதிரி ரேஸ் ஆயில் புதிதாக இருக்கையில் 312 டிகிரி வரை தாங்கும், ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டும், வருடக்கணக்கில் விட்டுவைக்கும் சரக்கு அல்ல. டாட் 5 என்று தனியாக ஒன்று உண்டு, அது சிலிகான், மற்றவற்றோடு கலக்கவே கூடாது, 5.1-க்கும் அதற்கும் பெயர் ஒற்றுமை மட்டும்தான். மெக்கானிக்கிடம் நாலு சக்கரத்திலும் பழைய ஆயில் முழுசாக வெளியே வரும்வரை ஏர் எடுக்கச் சொல்லுங்கள், மேலே டப்பாவில் மட்டும் உறிஞ்சிவிட்டுப் புதுசை ஊற்றினால் காலிப்பருக்குள் இருப்பது பழசுதான்.

நீங்கள் ஓட்டுவதற்கு எது

ஊருக்குள் மட்டும்தான், வேகம் பிடிக்கும் ஆனால் டிராக் பக்கம் போவதில்லை என்றால் கம்பெனி பேட்டே போதும் என்பது என் கருத்து. உங்கள் காரில் பிரேக்கை அழுத்தினால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும் அளவுக்கு ஏற்கெனவே பிடி இருக்கிறதென்றால், ஒரே ஒரு முறை நிற்கும் தூரத்தைக் குறைக்க பேட்டால் முடியாது, அங்கே எல்லையைத் தீர்மானிப்பது டயர். அந்தப் பணத்தை டயரில் போடுங்கள். தேய்ந்து வழுக்கும் டயரோடு பெர்ஃபார்மன்ஸ் பேட் போடுவதில் எந்த அர்த்தமும் இல்லை.

வருடத்துக்கு இரண்டு மூன்று டிராக் டே, மற்ற நாளெல்லாம் அலுவலகத்துக்கு அதே கார், டிராக்குக்கும் அதே காரில் ஓட்டிக்கொண்டே போய் ஓட்டிக்கொண்டே திரும்ப வேண்டும். பெரும்பாலானவர்களின் நிலை இதுதான், நடுத்தர பேட் என்று மேலே சொன்னேனே, அவை இவர்களுக்காகவே செய்யப்பட்டவை. 450, 500 டிகிரி வரை நிற்கும், குளிர்ந்த நிலையிலும் முதல் மிதியிலேயே பிடிக்கும். காலையில் கொஞ்சம் கீச்சிடும், வீலில் கருப்புத் தூசி படியும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுக்கும்போது அக்கம்பக்கத்தார் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தச் சத்தம் பழுது இல்லை, கலவை கடினமானது என்பதால் பேட் அதிர்கிறது, அவ்வளவுதான்.

மாதம் ஒரு முறை டிராக், ஒரு சுற்றுக்கு ஆகும் லேப் டைம் குறைந்துகொண்டே வருகிறது, ஒட்டும் டயர் போட்டாயிற்று என்றால் நடுத்தர பேட் பத்தாது. டயர் அதிகம் பிடிக்கும்போது பிரேக்குக்குள் அதே ஆற்றல் இன்னும் குறைந்த நேரத்தில் போய் இறங்கும், சூடும் உச்சிக்குப் போகும். இப்போது இரண்டு செட் வைத்துக்கொள்வதுதான் நேர்மையான தீர்வு: தெருவுக்கு ஒன்று, டிராக்குக்கு ஒன்று. முன் பேட் மாற்றுவது கற்றுக்கொண்டால் கஷ்டமான வேலை இல்லை, ஜாக்கியும் ஸ்டாண்டும் கையுறையும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும். ஒரு சிக்கல், இரண்டு பேட்டின் கலவையும் ஒத்துப்போகாவிட்டால் ஒன்று டிஸ்க்கில் பூசிவைத்த படலத்தை மற்றொன்று சுரண்டி எடுத்துவிடும், பெடலில் நடுக்கம் வரும். ஒரே கம்பெனியின் ஒரே குடும்பத்து பேட்களை எடுத்தால் இது குறையும். முடிந்தவர்கள் டிஸ்க்கையே இரண்டு செட்டாக வைத்துக்கொள்கிறார்கள்.

எந்த டிராக் என்பதும் பொருட்டு. இருங்காட்டுக்கோட்டை 3.7 கி.மீ., 12 வளைவுகள். கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட்டில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் நேர்ப்பாதை, அதன் முடிவில் இறுகிய வளைவு, சக்தியான கார் அங்கே 200-க்கு மேல் வந்து ஒரே மூச்சில் இறங்கும். அங்கே ஒரு மிதியில் போகும் ஆற்றல் மிகப் பெரியது, ஆனால் நேர்ப்பாதை நெடுக காற்று வாங்கி ஆறவும் நேரம் கிடைக்கும். கோவை செட்டிபாளையத்தின் கரி ஸ்பீட்வே அதற்கு நேர்மாறு, சின்ன டிராக், வேகம் குறைவு, ஆனால் பிரேக்குக்கு ஓய்வே இல்லை. சொந்தக் காரின் எடையையும் கணக்கில் சேருங்கள். 1,700 கிலோ எஸ்யூவிக்கு, அதே வேகத்தில், நம் ஹேட்ச்பேக்கைவிட 40 சதவீதம் அதிக ஆற்றல், அதில் நண்பர்கள் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு சுற்றினால் இன்னும் கூடுதல்.

பின் சக்கரத்தை மறந்துவிடாதீர்கள். நம் ஊர் ஹேட்ச்பேக் பலவற்றில் பின்னால் டிரம்தான், அதை அப்படியே நல்ல நிலையில் வைத்தால் போதும், முன்னால் மட்டும் பேட் மாற்றலாம். பிடி கொஞ்சம் முன்பக்கம் சாயும், அது பாதுகாப்பான பக்கம். பின்னால் டிஸ்க் இருக்கும் காரில் பின்பக்கம் மட்டும் காரமான பேட் போடுவதுதான் செய்யவே கூடாத வேலை. பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வளைவுக்குள் நுழையும்போது கார் பம்பரமாகச் சுழன்றுவிடும். நாலு சக்கரத்துக்கும் ஒரே கலவை, அல்லது முன்னால் ஒரு படி மேல், இந்த இரண்டில் ஒன்றோடு நின்றுகொள்ளுங்கள்.

பழக்காமல் ஓட்டாதீர்கள்

புதுத் தோசைக்கல்லை வாங்கியதும் தோசை ஊற்றிவிட முடியாதே, எண்ணெய் தடவிச் சூடேற்றிப் பழக்கினால்தான் ஒட்டாமல் எடுக்கலாம். பேட்டும் டிஸ்க்கும் அதே கதை. முதல் முறை நல்ல சூடு பட்டதும் ரெசினில் மிச்சமிருக்கும் சரக்கு வாயுவாக வெளியேறும், அந்த வாயுவே டிஸ்க்குக்கும் பேட்டுக்கும் நடுவே நின்று பிடியைக் கெடுக்கும். கடையில் வாங்கி, மாட்டி, நேராக டிராக்கில் முழு வேகத்தில் இறங்கினால் புது பேட்டிலேயே ஃபேட் வருவது இதனால்தான். கூடவே, டிஸ்க்கில் அந்த மெல்லிய படலமும் சீராகப் படிய வேண்டும்.

பொதுவான முறை இது: 100-லிருந்து 20, 30 வரை, ஏபிஎஸ் வராத அளவுக்கு அழுத்தமாக, எட்டுப் பத்து முறை இடைவெளி அதிகம் விடாமல் இறக்குவது, ஒருமுறைகூட முழுசாக நிற்காமல். அப்புறம் பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிடுவது. கம்பெனி டப்பாவில் வேறு முறை எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள், காரமான பேட்களுக்குச் சூடு இன்னும் அதிகம் தேவைப்படும். பின்னால் வண்டிகள் வரும் நெடுஞ்சாலையில் இதைச் செய்வது அடுத்தவர் உயிரோடு விளையாடுவது, டிராக்கிலேயே முதல் செஷனை இதற்கு ஒதுக்கிவிடுங்கள், அந்தப் பதினைந்து நிமிடம் வீணாகாது.

நடுவில் ஏன் நிற்கக் கூடாது என்றால், கொதிக்கும் பேட் ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் அந்த இடத்தில் மட்டும் கலவை தடிமனாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் திட்டு பேட்டில் இடிக்கும், ஸ்டீயரிங் நடுங்கும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று மெக்கானிக் சொல்லும் கேஸ்களில் நிறைய இந்தத் திட்டுதான், இரும்பு உண்மையில் வளைந்திருக்காது. டிராக்கிலிருந்து உள்ளே வரும்போதும் இதே விதி. கடைசிச் சுற்றை பிரேக்கே தொடாத மாதிரி மெதுவாக ஓட்டி ஆற்றிக்கொண்டு வாருங்கள், நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

வாங்கும்போதும் மாட்டும்போதும்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு மாதிரி இடத்தில் எல்லா பிராண்டின் பெயரும் கிடைக்கும், பெயருக்குப் பின்னால் இருப்பது அசல்தானா என்பதைத்தான் பார்க்க வேண்டும். பிரபல பேட்களுக்கு டூப்ளிகேட் வருகிறது, பிரேக்கில் டூப்ளிகேட் என்பது சிக்கனம் பார்க்கிற இடமே இல்லை. அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குங்கள், டப்பாவின் சீல், பேட்டின் முதுகில் இருக்கும் அச்சு, பேட்ச் எண் எல்லாம் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஐரோப்பாவில் தெருவுக்கு விற்கும் மாற்று பேட் ஆர்90 என்ற விதிப்படி கம்பெனி பேட்டின் பிடியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. வட்டத்துக்குள் ஈ எழுத்தும் 90ஆர் எண்ணும் பேட்டில் இருந்தால் தெருவில் நம்பி ஓட்டலாம் என்பதற்கு அது நல்ல அடையாளம். முழு டிராக் பேட்களில் அதை எதிர்பார்க்க முடியாது.

ஒரே மாடல் காரில் வருடத்துக்கும் வேரியன்ட்டுக்கும் காலிப்பர் மாறும், அதனால் பழைய பேட்டைக் கழற்றி அளவை ஒப்பிட்ட பிறகு ஆர்டர் போடுங்கள். டிராக்குக்குப் போகும்முன் பேட் பாதிக்கு மேல் இருக்க வேண்டும் என்பது நான் விடாமல் கடைப்பிடிக்கும் விதி. மெலிந்த பேட் சூட்டைத் தடுக்காமல் நேராக ஆயிலுக்குக் கடத்திவிடும், தேய்வதும் வேகமாகத் தேயும், ஒரே நாளில் தகடுவரை போய்விடும் வாய்ப்பு உண்டு. டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் ஓரத்திலோ நடுவிலோ அச்சாகியிருக்கும், அதற்குக் கீழே போயிருந்தால் பேட்டோடு டிஸ்க்கும் மாற்றியாக வேண்டும். துளை போட்ட டிஸ்க் பார்க்க அழகு, டிராக்கில் அந்தத் துளைகளிலிருந்துதான் விரிசல் ஆரம்பிக்கும், காற்று போக வழியுள்ள சாதாரண வென்டிலேட்டட் டிஸ்க் போதும்.

பேட் மாற்றும்போது பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பீர்கள். அதனால் காரை நகர்த்தும்முன், நின்ற இடத்திலேயே பெடலை இறுகும்வரை நாலைந்து முறை மிதித்துவிட்டு, ஆயில் அளவையும் பார்த்துவிட்டு அப்புறம் கிளம்புங்கள், இல்லையென்றால் முதல் மிதி தரைவரை போய் முட்டும், முன்னால் சுவர் இருக்கிறதா வண்டி இருக்கிறதா என்று பார்க்கக்கூட நேரம் இருக்காது.